நித்தியகல்யாணியும் புற்றுநோயும்

(முதுகலை வேதியியல், இரண்டாம் ஆண்டு)

விளாங்குடிக்கு வருகின்றவர்கள் நித்தியகல்யாணியைத் தேடிப் போக வேண்டியதில்லை. வாசற்படியின் ஓரத்திலும், கம்பி வேலியின் அடியிலும், காலி மனைகளிலும், செங்கற் குவியலின் இடுக்கிலும் அது தானே முளைத்து நிற்கும். தண்ணீர் விட ஆள் வேண்டாம். ஆடுகூட வாய் வைப்பதில்லை. பூக்காத நாளே இல்லை என்பதால் நித்தியகல்யாணி என்றனர். இடுகாட்டு மேட்டிலும் அதுவே பூத்துக் கிடப்பதால் சுடுகாட்டுப் பூ என்றும் சொன்னார்கள். எங்கள் தெருப் பெண்கள் இப்பூவைப் பறித்துச் சாமி படத்துக்கு வைப்பார்கள். தலையில் மட்டும் சூட மாட்டார்கள்.

இச்செடி தென்னாட்டுக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறன்று. அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. அழகுக்காகக் கப்பலேறி வெப்ப நாடுகள் அனைத்திலும் குடியேறிய செடி இது. முன்பு தாவர நூலார் 'வின்கா ரோசியா' என்று பெயரிட்டிருந்தனர். இப்பொழுது 'காதராந்தஸ் ரோசியஸ்' என்பர். 'தூய மலர்' என்பது காதராந்தஸ் என்னும் கிரேக்கச் சொல்லின் பொருள். பெயர் மாறினாலும் மருந்துகளில் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டிலும் 'வின்' என்ற எழுத்துகள் வின்காவின் மிச்சமே. இவ்விரண்டும் இச்செடியின் இலையிலிருந்து கிடைப்பவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இடம் பெற்றவை.

மூலிகையால் புற்றுநோய் குணமாகுமா என்ற கேள்வி இன்று பேருந்திலும் டீக்கடையிலும் அடிபடுகிறது. ஆகும் என்போரும் உண்டு, எல்லாம் புரட்டு என்போரும் உண்டு. இரு சாராரும் எடுத்துக்காட்ட வேண்டிய செடி எங்கள் வாசலிலேயே நிற்பதால் அதன் கதையைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தேன்.

உறையில் வந்த இலைகள்

ஜமைக்காத் தீவில் நித்தியகல்யாணி இலையைத் தேநீர் போலக் காய்ச்சி நீரிழிவுக்குக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952ஆம் ஆண்டில் அங்கிருந்து கனடாவிலுள்ள கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஓர் உறை வந்தது. உள்ளே இருந்தவை இருபத்தைந்து இலைகள். இந்தக் கிளார்க் நோபிள் இன்சுலின் கண்டுபிடிப்போடு தொடர்புடையவர். 1921ஆம் ஆண்டில் பாண்டிங் என்ற அறிஞருக்கு உதவியாளராகச் செல்வது சார்லஸ் பெஸ்டா, நோபிளா என்று நாணயம் சுண்டிப் பார்த்ததில் நோபிள் தோற்றார் என்று சொல்வர். சர்க்கரை நோய்க்கு இலை என்றவுடன் அவருக்கு ஆவல் பிறந்ததில் வியப்பில்லை. ஓய்வு பெற்றிருந்த அவர், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தம் தம்பி இராபர்ட் நோபிளுக்கு அவ்விலைகளை அனுப்பி வைத்தார்.

இராபர்ட் நோபிள் இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை, வேறொன்றும் நிகழவில்லை. பிறகு அதே சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அப்பொழுதும் சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றால் மடிந்தன. ஏன் மடிந்தன என்று அவர் கேட்ட இடத்தில்தான் கதை திரும்புகிறது. இரத்தத்தைச் சோதித்தபோது வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை வறண்டிருந்தது. கிருமிகளை எதிர்க்க ஆளில்லாத உடல் தொற்றுக்கு இரையாகிவிட்டது. வெள்ளையணுக்களைக் குறைக்கும் பொருள் எதுவாயினும், அவை கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகலாம் அல்லவா? நீரிழிவுக்கென்று வந்த இலை இப்படி வேறு வாசலைத் தட்டிற்று.

1954ஆம் ஆண்டில் சார்லஸ் பீர் என்ற வேதியியலர் அவரோடு சேர்ந்தார். பல நூறு பொருள்கள் கலந்த சாற்றிலிருந்து வேலை செய்யும் பொருளைத் தனியே பிரித்துப் படிகமாக்கியவர் அவரே. 1958இல் நியூயார்க் அறிவியல் கழகத்தில் இம்முடிவை வெளியிட்டனர். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் (பெயரில் எலி இருப்பது தற்செயலே) கார்டன் சுவோபோடா என்பவரும் இதே செடியைச் சோதித்து, இரத்தப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகள் இதன் சாற்றால் நெடுநாள் வாழ்வதைக் கண்டிருந்தார். இரு தரப்பும் பின்னர் இணைந்து பணியாற்றின. வின்பிளாஸ்டின் 1961ஆம் ஆண்டிலும் வின்கிரிஸ்டின் 1963ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றன.

ஓர் அணுத்தொகுதி மாறினால்

வேதியியல் மாணவர்க்கு இவ்விரு பொருள்களின் ஒற்றுமை ஒரு விருந்து. வின்டோலின், காதராந்தின் என்ற இரு ஆல்கலாய்டுகளைச் செடி தனித்தனியே செய்து பின் அவற்றைப் பிணைக்கிறது. பிணைந்த மூலக்கூற்றில் 46 கார்பன் அணுக்கள் உள்ளன. மூலக்கூறு எடை 800க்கும் மேல். ஒரு நைட்ரஜன் அணுவின் மேல் மெத்தில் தொகுதி இருப்பின் அது வின்பிளாஸ்டின். அவ்விடத்தில் ஃபார்மைல் தொகுதி இருப்பின் வின்கிரிஸ்டின். வேறுபாடு அவ்வளவே. ஆனால் முன்னது எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். பின்னது நரம்புகளைத் தாக்கி விரல்களை மரக்கச் செய்யும். முன்னது ஹாட்ஜ்கின் நோய்க்கும் விரைப் புற்றுக்கும் உதவியது. பின்னது குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு.

இவை செல்லை எவ்வாறு தடுக்கின்றன? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச் செல்லக் கதிர்கோல் இழைகள் உருவாகின்றன என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே படம் வரைந்திருக்கிறோம். அவ்விழைகள் டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நுண்குழல்கள். கொத்தனார் செங்கல்லை அடுக்கிக்கொண்டே போவதைப் போன்றது இது. வின்பிளாஸ்டின் அந்தச் செங்கல்லிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த கல் அமராமல் செய்துவிடுகிறது. கதிர்கோல் எழும்பாது, பிரிவு பாதியில் நிற்கும், செல் மடியும். விரைந்து பிரியும் புற்றுச் செல்களே இதில் மிகுதியாக மாட்டுகின்றன. எனினும் மஜ்ஜையும் மயிர்க்காலும் விரைந்து பிரியும் இடங்களே ஆதலால் அவையும் தப்புவதில்லை. புற்றுநோய் ஊசி போட்டவர்களுக்கு முடி கொட்டுவது ஏன் என்று கேட்போருக்கு இதுவே விடை.

பச்சை இலையைக் குடிக்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இக்கட்டுரையை எழுதினேன் என்று சொன்னாலும் தவறில்லை. எங்கள் தெருவில் அத்தை முறை வைத்து நான் அழைக்கும் ஒருவர் இருக்கிறார். மார்பில் கட்டி. வலி இல்லாததால் நான்கு மாதங்களாக யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் கோலம் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏத்தா, நீ இதத்தானே படிக்கிற. இந்தச் செடிலதான் கேன்சர் மருந்தே எடுக்கிறாகளாமே. அப்ப நாலு எலையப் பறிச்சுக் காச்சிக் குடிச்சா போதாதா? நான் ரெண்டு வாரமாக் குடிக்கிறேன்." சொன்னது யார் என்று கேட்டேன். கைபேசியில் வந்த செய்தி என்றார்.

அவர் கேட்டதில் அறிவு இல்லாமல் இல்லை. மருந்து அந்த இலையில்தான் இருக்கிறது. ஆயினும் எவ்வளவு இருக்கிறது என்பதை அச்செய்தி சொல்லவில்லை. ஆகவே அன்று மாலை கணக்குப் போட்டேன்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பது நூல்களில் வழங்கும் கணக்கு. பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்குப் போடும் ஊசி சுமார் 10 மில்லிகிராம். அதாவது ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு. அதற்கு 5 கிலோ உலர் இலை ஆகிறது. அத்தை காய்ச்சிய நான்கு இலைகளும் உலர்ந்தால் ஒரு கிராம்கூடத் தேறாது. ஒரு கிராமே என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளை ஊசிக்கு ஈடாக ஐயாயிரம் நாட்கள், அதாவது பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் குடிக்க வேண்டும். பிரித்தெடுக்கும்போது வீணாவதைச் சேர்த்து, இலையில் இருப்பது பத்து மடங்கு கூடுதல் என்று கொண்டாலும் ஓராண்டுக்கு மேல் ஆகிறது. மேலும் இம்மருந்து குடலின் வழியே ஒழுங்காக இரத்தத்தில் சேர்வதில்லை. நோபிள் வாய்வழி கொடுத்த எலிகளுக்கு ஒன்றும் நேராததை மேலே பார்த்தோம்.

சரி, பயனில்லை என்றால் தீங்கும் இல்லைதானே என்று கேட்கலாம். அதுவும் இல்லை. அவ்விலையில் 130க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துபவையும் அவற்றுள் உண்டு. நிறையக் குடித்தால் உடலுக்கு எது எவ்வளவு போயிற்று என்று யாராலும் கூற இயலாது. இவற்றைவிடப் பெரிய தீங்கு வேறு. கட்டி காத்திருக்காது. மார்பில் தோன்றும் கட்டி தொடக்க நிலையில் கண்டறியப்பட்டால் குணப்படுத்த வாய்ப்பு மிகுதி. நிணநீர்க் கணுக்களைத் தாண்டி எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவினால் அவ்வாய்ப்பு சுருங்கிவிடும். கஷாயம் குடிக்கும் நாட்கள் அந்தக் கணக்கில்தான் கழிகின்றன.

இதை அத்தையிடம் ஐந்து கிலோ, ஒரு கிராம் என்று சொன்னபோது அவருக்குச் சட்டென்று விளங்கியது. காலமெல்லாம் அரிசி அளந்தவர் அல்லவா? மறுநாள் அவரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஊசியால் திசு எடுத்துச் சோதித்ததில் புற்று என்றே தெரிந்தது. அறுவை முடிந்து இப்பொழுது மருந்து ஏற்றிக்கொள்கிறார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு அடங்கியது. அவருக்கு ஏற்றப்படும் மருந்துகளுள் பாக்ளிடாக்செல் என்பதும் ஒன்று. அதுவும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து முதலில் கண்டெடுக்கப்பட்டதுதான் என்று நான் சொன்னதும் அத்தை சிரித்துவிட்டார்.

அந்த மரம் யூ. பசிபிக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற இருவர் 1971ஆம் ஆண்டில் அதன் அமைப்பை வெளியிட்டனர். வாணி மராட்டியத்தின் நந்தூர்பாரில் பிறந்தவர். வின்பிளாஸ்டின் நுண்குழலைக் கட்ட விடாது. இதுவோ கட்டிய குழலைப் பிரிய விடாமல் இறுக்கிவிடும். இரண்டுக்கும் முடிவு ஒன்றே. இதனை 1979இல் கண்டறிந்தவர் சூசன் ஹார்விட்ஸ் என்ற அம்மையார். இமயத்தில் வளரும் யூ மரத்தின் இலை தாளிசபத்திரி என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடைகளில் விற்பதும் உண்டு. அந்த இலையைச் சளிக்கு வாங்கும் நாம், அந்த இனத்தின் பட்டைக்குள் இது இருக்கும் என்று கனவிலும் எண்ணியதில்லை.

அரசுக் கல்லூரியில் தொடங்கிய ஆராய்ச்சி

வெளிநாட்டார் பெயர்களாகவே வருகின்றன என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நம்மைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்கும் இத்துறையில் பங்கு உண்டு.

டி. ஆர். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸ் என்ற பேரறிஞரிடம் பயின்று திரும்பி, அதே மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் விளங்கினார். நம் வேலிகளில் படரும் நஞ்சறுப்பான் கொடியை அவர் எடுத்துக்கொண்டார். இழுப்பு நோய்க்கு நாட்டு வைத்தியர் கொடுக்கும் கொடி அது. அதிலுள்ள டைலோஃபோரின் என்ற ஆல்கலாய்டை இரத்தினகிரீசுவரன், வேங்கடாசலம் என்ற இருவர் 1935ஆம் ஆண்டிலேயே பிரித்திருந்தனர். அதன் அமைப்பைத் தெளிவாக்கி, ஆய்வுக்கூடத்தில் தொகுத்தும் காட்டியது கோவிந்தாச்சாரி குழுவினரின் சாதனை. இன்றுள்ள கருவிகளில் பெரும்பாலானவை அன்று இல்லை. மூலக்கூற்றைத் துண்டு துண்டாக உடைத்து, துண்டுகளை அடையாளம் கண்டு, மீண்டும் மனத்தில் ஒட்டிப் பார்க்கும் வேலை அது.

டைலோஃபோரினும் அதன் உறவுப் பொருள்களும் சோதனைக் குழாயில் புற்றுச் செல்களை வலிமையோடு அழிக்கின்றன. ஆனால் மருந்தாகவில்லை. அதன் நெருங்கிய உறவான டைலோகிரெப்ரின் 1966ஆம் ஆண்டில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. மூளையைப் பாதித்துத் தள்ளாட்டமும் மனக்குழப்பமும் உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. சோதனைக் குழாயில் புற்றுச் செல் செத்தது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நஞ்சறுப்பான் நினைவு வரும். பினாயிலை ஊற்றினாலும் அச்செல் சாகும்!

1963ஆம் ஆண்டில் கோவிந்தாச்சாரி மும்பை கோரேகாவிலிருந்த சிபா ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநராகச் சென்றார். வாலும் வாணியும் சீனத்து மரமொன்றிலிருந்து காம்ப்டோதெசின் என்ற பொருளை 1966இல் கண்டிருந்தனர். அதே பொருள், பன்மடங்கு மிகுதியாக, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சிறு மரமொன்றில் இருப்பதை 1972ஆம் ஆண்டில் கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் வெளியிட்டனர். அம்மரத்துக்கு அன்றிருந்த பெயர் 'மாப்பியா ஃபீடிடா'. நாற்றம் உடையது என்பது பின்சொல்லின் பொருள். காம்ப்டோதெசினை அப்படியே கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுச் சோதனை நின்றது. பின்னர் அதன் அமைப்பைச் சற்று மாற்றி டோபோடெகான், இரினோடெகான் என்ற இரு மருந்துகள் வந்தன. சினைப்பைப் புற்றுக்கும் பெருங்குடல் புற்றுக்கும் அவை இன்று பயன்படுகின்றன. மருந்துக்குத் தேவை பெருகியதும் நம் மலைகளில் அம்மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. மருந்து கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இதை மறைப்பது முறையன்று.

நம் பக்கத்தில் பேசப்படும் மற்ற இரண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேராங்கொட்டை, துணியில் வண்ணார் குறியிடும் கொட்டை. சாறு பட்டால் தோல் வெந்துவிடும். சித்த மருத்துவ முறையில் பாலும் நெய்யும் சேர்த்துப் பக்குவம் செய்த அதன் சாற்றைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறையினர் கல்லீரல் புற்று உண்டாக்கப்பட்ட எலிகளில் ஆராய்ந்து நல்ல பலன் கண்டனர். எலி வரைதான். மஞ்சளிலுள்ள குர்க்குமின் பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் உள்ளன. ஆனால் அது நீரில் கரையாது, குடலில் சேராது, சேர்ந்த சிறிதும் விரைவில் சிதையும். மஞ்சள் குழம்புக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடையாற்றில்

மூலிகைப் பொருள் நம் மாநிலத்தில் உயிர் காத்த இடத்தைக் காண வேண்டுமானால் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போக வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954ஆம் ஆண்டில் தொடங்கிய நிலையம் அது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதை வளர்த்தனர். குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும், டில்லி மருத்துவ நிலையமும், அடையாறும் ஒரே சிகிச்சை முறையை 1984ஆம் ஆண்டு முதல் பின்பற்றத் தொடங்கின. அதில் வின்கிரிஸ்டின் முதல் வரிசையில் நின்றது. அதற்கு முன் ஐந்தில் ஒரு குழந்தை பிழைத்தால் பெரிது. அதன் பின் பாதிக்குப் பாதி என்ற அளவுக்கு உயர்ந்தது. வின்கிரிஸ்டின் தனியாக இதைச் செய்யவில்லை. ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் கூடவே சென்றன. ஒரே மருந்தாயின் புற்றுச் செல் அதற்குப் பழகிக்கொள்ளும்.

அம்மருந்தின் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். வின்கிரிஸ்டினை இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்த வேண்டும். தவறுதலாகத் தண்டுவட நீரில் செலுத்தினால் உயிர் போய்விடும். வாசலில் பூக்கும் செடிதான். ஆயினும் விளையாட்டுப் பொருளன்று.

வயலும் ஆய்வுக்கூடமும்

மதுரை, இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமைகளின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிராகிறது. ஐப்பசி மழையை நம்பி விதைத்து, ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை உருவி, ஓராண்டில் செடியைப் பிடுங்கி வேரையும் எடுப்பார்கள். வேரில் அஜ்மலிசின் என்ற இரத்த ஓட்ட மருந்து இருக்கிறது. மானாவாரியில் எக்டேருக்கு ஏறத்தாழ 2 டன் உலர் இலை. முன்சொன்ன கணக்கின்படி அதில் தேறுவது நான்கு கிராம் வின்பிளாஸ்டின்! உருவுகிற பெண்ணுக்கும் உலர்த்துகிற உழவனுக்கும் கிடைப்பது இலையின் விலைதான். நான்கு கிராமின் விலை வேறு எங்கோ எழுதப்படுகிறது.

இனி வயலே வேண்டாம் என்ற நிலையும் வரலாம். 2022ஆம் ஆண்டில் ஈஸ்ட் நுண்ணுயிரில் செடியின் மரபணுக்களைப் புகுத்தி வின்டோலினையும் காதராந்தினையும் உண்டாக்கி, பின் வேதிமுறையில் பிணைத்து வின்பிளாஸ்டின் செய்து காட்டினர். 2019இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு ஏற்பட்டுக் குழந்தைகளின் சிகிச்சை தடுமாறியதை நினைத்தால் இவ்வழியும் தேவையே. நம் மானாவாரி உழவர்கள் அப்பொழுது எதை விதைப்பார்கள் என்பதை வேளாண்மை படிப்போர்தான் சொல்ல வேண்டும்.

நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இவ்வாண்டு நான் செய்தது மிகச் சிறிது. விளாங்குடியிலிருந்து கொண்டுவந்த இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, நீர்த்த அமிலத்தில் ஊற வைத்து வடிகட்டி, டிராகென்டார்ஃப் கரைசலைச் சில துளிகள் விட்டபோது ஆரஞ்சு நிற வீழ்படிவு திரண்டது. ஆல்கலாய்டு உண்டு என்பதற்கு அது சான்று. எந்த ஆல்கலாய்டு என்று அது கூறாது. மெல்லிய படலத் தட்டில் ஏற்றியபோது புள்ளிகள் பல வரிசையாகப் பிரிந்தன. வெள்ளைப் பூச்செடிக்கும் இளஞ்சிவப்புப் பூச்செடிக்கும் புள்ளிகளின் அடர்த்தி வேறாகத் தெரிந்தது. அது செடியின் வேறுபாடா, நான் பறித்த மாதத்தின் வேறுபாடா என்பதை முடிவு செய்ய, அடுத்த பருவத்தில் இரு நிறச் செடிகளையும் ஒரே பாத்தியில் வளர்த்து, ஒரே நாளில் பறித்துப் பார்க்க இருக்கிறோம். தாவரவியல் துறையினர் தோட்டத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.